வெள்ளி டம்ளரில் ஒரு முன்பல்

என் தம்பி பெண்டாட்டியின் முன்பல்லைத் தட்டிக் கழற்றியது நான்தான். அதுவும் அவள் எங்கள் வீட்டுக்குள் முதன்முதலாகக் காலடி எடுத்து வைக்கும்போது. வலது கால் இன்னும் தரையைக்கூடத் தொடவில்லை. நாத்தனார் கொடுமை என்று ஊருக்கு ஆயிரம் கதை இருக்கும். வாசற்படியிலேயே தொடங்கிவைத்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

இதைத் தைரியமாக எழுதக் காரணம், இனி மறைக்க ஒன்றுமில்லை என்பதுதான். நாமக்கல்லிலிருந்து திருச்செங்கோடு போகிற ரோட்டில் எங்கள் சொந்தக்காரர்கள் இருக்கிற எல்லா ஊருக்கும் கதை போய்ச் சேர்ந்துவிட்டது. ஊர் மாற மாறப் பல்லின் எண்ணிக்கையும் கூடிக்கொண்டே போகிறது. திருச்செங்கோட்டில் இப்போது நாலு பல் என்கிறார்கள். ஐயா, ஒரே ஒரு பல்தான்.

அந்த நாட்களில் எனக்கு ஒரு வியாதி இருந்தது. எல்லாம் எனக்குத் தெரியும் என்கிற வியாதி. நாமக்கல் பக்கத்தில் ஒரு பெரிய ஹாஸ்டல் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் டீச்சர் நான். பிள்ளைகள் விளையாடும்போது விழுந்து பல்லை உடைத்துக்கொள்கிறார்கள் என்று டீச்சர்களுக்கு ஒருநாள் முதலுதவி வகுப்பு வைத்தார்கள். காலையில் நடந்த பாதியை வரி விடாமல் எழுதிக்கொண்டேன். மத்தியானம் பிரியாணி போட்டார்கள். அதற்குப் பிறகு நடந்த பாதியில் கண்ணைத் திறந்தபடியே தூங்கினேன் (பதினைந்து வருட டீச்சர் வேலையில் கற்ற ஒரே யோகாசனம்). ஆனால் வெளியே வந்தபோது ஊரில் பாதி டாக்டர் நானே என்கிற நினைப்பு வந்துவிட்டது.

இரண்டு மாதம் கழித்து என் தம்பி கார்த்திக்குக் கல்யாணம். அவன் அப்பாவோடு கோழிப்பண்ணையைப் பார்த்துக்கொள்கிறவன். பெண் கவிதா, சேலம் சூரமங்கலம். அவளுடைய அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை முகூர்த்தம். எங்கள் கல்யாணங்களில் மாப்பிள்ளையின் உடன்பிறந்தவளுக்கு இணைச்சீர் என்று ஒரு தனிச் சடங்கே உண்டு. முதல்நாளே அதை முடித்து, புதுப்புடவையும் நகையுமாக நான் மண்டபத்தில் நடந்த நடையைப் பார்த்த யாருக்கும், கல்யாணம் யாருக்கு என்று சந்தேகம் வந்திருக்கும்.

தாலி கட்டி முடிந்து, பெண்ணையும் மாப்பிள்ளையையும் காரில் ஏற்றி எங்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தோம். அம்மாவும் அப்பாவும் மண்டபத்தில் பாத்திரம் எண்ணி ஒப்படைக்க நின்றுவிட்டார்கள். பெண் வீட்டுக்காரர்கள் பின்னால் வேனில் வந்துகொண்டிருந்தார்கள். ஆக, வீட்டில் அதிகாரம் இரண்டே பேரிடம். சடங்கு சாங்கியத்துக்குப் பெரியம்மா. மற்ற எல்லாவற்றுக்கும் நான்.

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம். புதுப்பெண்ணும் மாப்பிள்ளையும் வாசலுக்கு வரும்போது, மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோ உள்ளேயிருந்து கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். 'உங்களுக்குப் பொண்ணு பொறந்தா எம் பையனுக்குக் குடுப்பீங்களா?' என்று கேட்க வேண்டும். அவர்கள் 'தாரோம்' என்றதும் திறக்க வேண்டும். வெறும் கேலிக்குத்தான் (என் பையன் அப்போது நாலாம் வகுப்பு, அவனுக்கு வேண்டியிருந்ததெல்லாம் ஐஸ்கிரீம்). மெல்லச் சாத்தினால் போதும். ஆனால் எனக்குப் பின்னால் நின்ற வீடியோக்காரர், "கொஞ்சம் வேகமா சாத்துங்க மேடம், எஃபெக்ட்டா இருக்கும்" என்றார். ஆடுகிற காலுக்குச் சலங்கையும் கட்டிவிட்டால் கேட்க வேண்டுமா? இரண்டு கையாலும் பிடித்து ஒரே வீச்சு.

எங்கள் வீட்டுக் கதவு தேக்கு. கவிதாவோ, நிலைப்படியில் இடித்துக்கொள்ளக் கூடாதென்று தலையைக் குனிந்து முகத்தை முன்னால் நீட்டியிருந்தாள். 'டொக்' என்று ஒரு சத்தம். அது தாழ்ப்பாள் சத்தம் என்று நினைத்து, நான் உள்ளே நின்றுகொண்டு மூச்சுவிடாமல் வசனம் பேசினேன். பதில் வரவில்லை. 'பொண்ணு குடுக்க யோசிக்கிறாங்களாட்டம் இருக்குது' என்று கேலி செய்தபடி திறந்தேன். கவிதா கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டு நின்றாள். கண் இரண்டிலும் தண்ணீர். கீழே கால்மிதியில், என் பெருவிரலுக்குப் பக்கத்தில், வெள்ளையாக ஒரு பல்.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பல்லுக்காக மட்டும் இல்லை. புதுப்பெண் வாசற்படியில் ரத்தம் சிந்தினாள் என்று ஒரு வாய்க்குத் தெரிந்தால் போதும். 'காலு வெச்ச நேரம்' என்று ஆரம்பித்துவிடுவார்கள். பண்ணையில் கோழி செத்தாலும் முட்டை விலை இறங்கினாலும் அவள் தலையில்தான் விடியும். தப்புச் செய்தவள் நான், பேர் அவளுக்கு. இது வெளியே தெரியக் கூடாது என்று அந்த நொடியே முடிவு செய்தேன். சட்டென்று குனிந்து பல்லை எடுத்தேன். ஆரத்தித் தட்டோடு எட்டிப் பார்த்த பெரியம்மாவிடம், கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்று சொல்லிவிட்டு, ஆரத்தி சுற்றியதும் கவிதாவை அறைக்குள் தள்ளிக்கொண்டு போனேன். தம்பியிடம்கூட, உதட்டில் லேசாகப் பட்டுவிட்டது என்றுதான் சொன்னேன். அவனிடம் ஒன்றைச் சொல்வதும் மைக்கில் சொல்வதும் ஒன்று.

அறைக் கதவைத் தாழ் போட்டதும் வகுப்பில் எழுதிய நோட்டு அப்படியே கண்முன் வந்தது. பல்லை மேல்பக்கம்தான் பிடிக்க வேண்டும், வேரைத் தொடவே கூடாது. அழுக்கிருந்தால் பாலிலோ நல்ல தண்ணீரிலோ லேசாக அலசலாம். தேய்க்கக் கூடாது, சோப்புக் கூடாது, துணியில் துடைக்கக் கூடாது, காயவும் விடக் கூடாது. காய்ச்சாத குளிர்ந்த பாலில் போட்டு, ஒரு மணி நேரத்துக்குள் பல் டாக்டரிடம் போய்விட வேண்டும். சீக்கிரம் போகப் போகப் பல் பிழைக்கும். அப்போது மணி ஒன்பது பத்து.

கவிதாவிடம் சுத்தமான துணியைச் சுருட்டிக் கொடுத்துக் கடித்துக்கொள்ளச் சொன்னேன். "சாமி, நீ ஒண்ணுக்கும் பயப்படாத, பத்து மணிக்குள்ள உம் பல்லு உன்ற வாய்ல இருக்கும்" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! வாய் பேச முடிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

சமையலறைக்கு ஓடினேன். பிரிட்ஜில் உடைக்காத பால் பாக்கெட் இருந்தது. பாத்திரம் எல்லாம் எச்சிலாகக் கிடந்தது. கழுவித் துடைத்துப் பளபளவென்று இருந்தது ஒரே ஒரு வெள்ளி டம்ளர்தான். அதில் பாலை ஊற்றிப் பல்லைப் போட்டு, மேலே ஒரு தட்டால் மூடினேன். வீடு முழுக்கச் சனம். யாராவது காப்பிக்கு எடுத்துவிடக் கூடாதே? யாரும் கை வைக்காத இடம் எது? சாமி ரூம். விளக்குக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்துவிட்டு, என் மூளையை நானே மெச்சிக்கொண்டு வந்தேன். இன்னொரு டீச்சராக இருந்தால் இதெல்லாம் தோன்றியிருக்குமா?

பிறகு என் வீட்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறை வைத்திருக்கிறார். இரும்புச் சத்தத்திலேயே வாழ்வதால் வீட்டில் அதிகம் பேசமாட்டார். தனக்குப் பல் பார்த்த நாமக்கல் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டார். ஞாயிற்றுக்கிழமை கிளினிக் இல்லை, ஆனால் வீடு மாடியில்தான், உடனே கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று பதில் வந்தது. அவர் காரைத் திருப்பி நிறுத்தப் போனார். எல்லாம் என் திட்டப்படியே நடந்தது.

முதலில் கவிதாவைப் பின்வாசல் வழியாகக் காரில் ஏற்றிவிட்டு, டம்ளரை எடுத்துவரலாம் என்று கிளம்பினால், நடையில் பெரியம்மா நிற்கிறார். எங்கே என்று கேட்டார். கண்ணுக்கு மருந்து விட என்றேன். பெரியம்மா இடுப்பில் கை வைத்தார்.

"ஏஞ் சாமி, பால் பழம் குடுக்காம புதுப்பொண்ணு வாசப்படி தாண்டுனா ஊடு வெளங்குமா? ரண்டு நிமிசம் ஒக்காந்துட்டு எங்க வேணா போங்க."

மணி ஒன்பதரை. வாதம் செய்தால் பத்து நிமிடம் போகும். உட்கார்ந்தால் இரண்டு நிமிடத்தில் முடியும். கணக்கு சரிதான். கவிதாவின் மோவாயில் வழிந்திருந்த ரத்தத்தைத் துடைத்து, முந்தானையை இழுத்துவிட்டுக் கூடத்துக்குக் கூட்டிவந்தேன். வாயில் கைக்குட்டையும் குனிந்த தலையுமாக அவள் வந்ததைப் பார்த்து, சொந்தக்காரப் பெண்கள் சொக்கிப் போனார்கள். பொண்ணு எத்தனை அடக்கம், சேலத்துப் பொண்ணுன்னு சொல்லவே முடியாது, வந்ததிலிருந்து வாயே தொறக்கல என்று ஆளாளுக்குப் புகழ்ந்தார்கள். (எப்படித் திறப்பாள்?)

பெரியம்மா வேகமானவர். நாங்கள் வருவதற்கு முன்பே தம்பியை மணையில் உட்கார வைத்து, டம்ளரையும் கையில் கொடுத்துவிட்டிருந்தார். வெள்ளி டம்ளர். எங்கள் வீட்டில் பால் பழச் சடங்குக்கு என்று இருப்பது ஒரே வெள்ளி டம்ளர்தான் என்பதும், அந்தப் பாலைச் சாமி முன்னால் வைத்துத்தான் எடுத்துவருவார்கள் என்பதும் எனக்கு அப்போதுதான் உறைத்தது. மூடிய வெள்ளி டம்ளரில் விளக்குக்குப் பக்கத்தில் பாலை வைத்தால் பெரியம்மா என்ன நினைப்பார்? பரவாயில்லை, வாயாடி டீச்சருக்கும் சாங்கியம் தெரிகிறதே என்று மெச்சித்தான் எடுத்துவந்திருக்கிறார்.

நான் வாயைத் திறப்பதற்குள் தம்பி அண்ணாந்துவிட்டான். அவனுக்கு எதையும் வாய் வைத்துக் குடிக்கிற பழக்கமே இல்லை. சப்பிக் குடித்திருந்தால் உதட்டில் தட்டுப்பட்டிருக்கும். மூன்றடி உயரத்திலிருந்து பால் நேராகத் தொண்டைக்குப் போனது. பாலோடு பல்லும் வாய்க்குள் போனது.

தொண்டையில் சிக்கிக்கொண்டால்? வயிற்றுக்குள் போய்விட்டால்? பெண்ணுக்குப் பல்லும் இல்லை, பையனுக்கு மூச்சும் இல்லை என்று ஒரே முகூர்த்தத்தில் இரண்டு குடும்பத்தையும் முடித்துவிட்டேனே என்று அவன் பக்கம் ஓடினேன். தம்பி டம்ளரைக் கீழே வைத்தான். முகத்தைச் சுளித்தான். நாக்கால் எதையோ கன்னத்துப் பக்கம் தள்ளினான்.

"பால்ல சக்கரையே இல்லீங்க பெரீம்மா. கல்கண்டுதான் கெடக்குது, அதும் கரையவே இல்ல" என்று சொல்லிவிட்டு, அதைக் கடிப்பதற்காகக் கடைவாய்க்குத் தள்ளினான்.

"டேய் கடிக்காத. முழுங்காத. துப்பு."

முன்னூறு பிள்ளைகள் நிற்கிற பிரேயர் மைதானத்தில் மைக் இல்லாமல் பேசுகிற குரல் அது. கூடமே அடங்கிவிட்டது. தம்பி பயந்துபோய், நான் நீட்டிய உள்ளங்கையில் துப்பினான். சின்ன வயதிலிருந்து நான் சொன்னதை அவன் கேட்டது அந்த ஒரு தடவைதான். இருபது தலைகள் என் கையை எட்டிப் பார்த்தன. இது யாருதுடா சாமி என்று பெரியம்மா இழுத்தார். தம்பி தன் பல்லை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

கவிதா வாயிலிருந்த துணியை எடுத்தாள். புகுந்த வீட்டில் அவள் பேசிய முதல் வார்த்தை இதுதான்:

"அது என்னோட பல்லுங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். வலியும் ரத்தமும் நடுவில் ஒரு ஓட்டையுமாக, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். நான் அழுதேன். உண்மையாகவே அழுதேன், கதவு, வசனம், பால் எல்லாவற்றையும் அத்தனை பேர் முன்னாலும் ஒப்பித்துவிட்டேன். எம் மேலதான் தப்பு, அந்தப் பிள்ளைய யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க என்றேன். யாரும் என்னைக் கவனிக்கவில்லை. பெரியம்மா, சாணியில் உருட்டிக் கூரைமேல் எறிந்தால் பல் தானாக முளைக்கும் என்று பல்லை வாங்கக் கை நீட்டினார். அது பால் பல்லுக்குங்க பெரீம்மா, இவளுக்கு இருபத்தாறு வயசாச்சு என்று சொல்லிவிட்டு, பாக்கெட்டில் மிச்சமிருந்த பாலை டிபன் பாக்ஸில் ஊற்றிப் பல்லைப் போட்டுக்கொண்டு ஓடினேன். மாலையும் கழுத்துமாகப் பெண்ணும் மாப்பிள்ளையும் பின்சீட்டில் ஏறினார்கள்.

ரோட்டில் எங்களுக்கு முன்னால் ஒரு முட்டை லாரி. முட்டை லாரிக்காரருக்கு அவசரம் என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு வேகத்தடையிலும் பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்புகிற மாதிரி மெல்ல ஏறி, மெல்ல இறங்கினார். நான் டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மணி சொன்னேன். தம்பி இருபது தடவை வாய் கொப்பளித்தான். கவிதா அவன் கையிலிருந்து தண்ணீர் பாட்டிலை வாங்கி, "அவ்வளவு அருவருப்பாங்க?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு அவன் கொப்பளிக்கவில்லை.

ஒன்பது ஐம்பத்தைந்துக்கு டாக்டரம்மா கவிதாவை நாற்காலியில் சாய்த்தார். பல்லைப் பார்ப்பதற்கு முன்னால் என்னைப் பார்த்துக் கேள்வி கேட்டார். அடிபட்டதும் மயக்கம் வந்ததா? வாந்தி எடுத்தார்களா? தாடையை மூட முடிகிறதா, பல்வரிசை முன்போலவே சேருகிறதா? ரத்தம் விடாமல் கொட்டியதா? இதில் ஏதாவது கோளாறு இருந்தால் பல்லைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும் என்றார். இதில் ஒன்றைக்கூட நான் கவனித்திருக்கவில்லை. கவிதாதான் தலையை ஆட்டி ஆட்டிப் பதில் சொன்னாள். நல்லவேளை, மயக்கம், வாந்தி, விடாத ரத்தம் எதுவும் இல்லை. தாடையும் ஒழுங்காக மூடியது.

பிறகு டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்து, யாரோ விவரம் தெரிந்தவர்தான் பாலில் போட்டிருக்கிறார்கள் என்றார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இவ்வளவு நேரமும் பாலில்தானே இருந்தது என்று கேட்டார். நான் குனிந்துகொண்டேன். "நடுவுல ஒரு நிமிசம் மட்டும் மாப்பிள்ளை வாய்ல இருந்துச்சுங்க" என்றார் என் வீட்டுக்காரர். போனில் பேசியதைத் தவிர அன்று முழுக்க அவர் பேசியது அது ஒன்றுதான். அதையும் இந்த இடத்தில்தான் பேச வேண்டுமா?

டாக்டரம்மா முகமூடிக்குள் சிரித்ததில் அவர் தோள் ஆடியது. பல்லைக் கழுவிக் குழியில் உட்காரவைத்து, பக்கத்துப் பற்களோடு மெல்லிய கம்பி வைத்து ஒட்டினார். தடுப்பூசி எழுதினார், மாத்திரை எழுதினார், இரண்டு வாரம் முன்பல்லால் எதையும் கடிக்கக் கூடாது என்றார். கையைக் கழுவிக்கொண்டே என்னிடம் சொன்னார்:

"அலசிட்டு அப்பவே அதே குழியில வெச்சு, துணியைக் கடிச்சுக்கிட்டு நேரா இங்க வந்திருக்கலாமேம்மா. பெரியவங்க பல்லுக்கு அதுதான் மொதல்ல செய்ய வேண்டியது. வைக்க முடியலன்னாத்தான் பாலு."

அதுதான் மத்தியானம், பிரியாணிக்குப் பிறகு சொல்லிக்கொடுத்த பாடமாக இருந்திருக்க வேண்டும்.

வீட்டுக்குத் திரும்பும்போது சம்பந்தி வீட்டு வேன் வாசலில் நின்றது. கவிதாவின் அப்பா என்ன கேட்பாரோ என்று காரிலிருந்து கடைசி ஆளாகத்தான் இறங்கினேன். ஆனால் எங்களுக்கு முன்னால் பெரியம்மாவே எல்லாவற்றையும் சொல்லித் தீர்ப்பும் எழுதியிருந்தார். வர இருந்த கண்டம் பல்லோடு போயிற்று, போன பல்லும் திரும்பி வந்துவிட்டது, இதைவிட நல்ல சகுனம் ஏது என்று அடித்துப் பேசியிருக்கிறார். சகுனம் பார்க்கிறவரே சொன்ன பிறகு ஊர் என்ன பேசும்? அந்த ஒரு பேச்சுக்காகப் பெரியம்மாவுக்கு நான் இன்றுவரை கடன்பட்டிருக்கிறேன். சம்பந்தி மட்டும் என்னிடம் மெதுவாக, ரயில்வேயில்கூடக் கேட்டைச் சாத்துவதற்கு முன்னால் மணி அடிப்போமுங்க என்றார்.

ஒரு மாதத்தில் கல்யாண வீடியோ வந்தது. நடந்தது தெரியாத யாரோ அதை எடிட் செய்திருக்கிறார்கள். நான் கதவைச் சாத்துகிற காட்சியை மூன்று தடவை ஸ்லோமோஷனில் காட்டி, மேலேயிருந்து ரோஜாப்பூ மழை பொழியவிட்டிருந்தார்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சனம் கூடினால் எங்கள் வீட்டில் டிவியில் ஓடுவது அதுதான். பல்லுக்கு வேர் சிகிச்சை செய்தார்கள், பிழைத்துக்கொண்டது. நிறம் மட்டும் கொஞ்சம் மங்கிவிட்டது. உறை போட்டு வெள்ளையாக்கித் தருகிறேன் என்று டாக்டரம்மாவும் சொல்லிப் பார்த்தார். கவிதா கேட்கவில்லை. புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை வந்தால், உம் பல்லையே என்ற வாய்ல வெச்சுக் காப்பாத்துனவன் நான் என்று தம்பி ஆரம்பிப்பானாம். கடிக்கப் பாத்தவருதானுங்க என்று இவள் முடித்துவிடுவாளாம்.

போன வருடம் தம்பி பண்ணைக்குப் பக்கத்தில் புதுவீடு கட்டினான். பால் காய்ச்சின அன்றைக்கு வாசலில் ஏறும்போது பார்த்தேன். கதவின் அடியில் பித்தளையில் ஒரு கொக்கி, அதை மாட்டுவதற்குச் சுவரில் ஒரு வளையம். வீட்டில் வேறு எந்தக் கதவுக்கும் அது இல்லை. காற்றுக்கு அடிக்காமல் இருப்பதற்கா சாமி என்று கவிதாவிடம் கேட்டேன். அவள் குனிந்து கொக்கியை மாட்டி, கதவை ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"காத்தெல்லாம் இந்தப் பக்கம் ஏதுங்க நங்கையா. இது உங்களுக்குன்னே வெச்சது." (எங்கள் பக்கம் நாத்தனாரை நங்கையா என்றுதான் கூப்பிடுவார்கள்.)

சொல்லிவிட்டு வாய் நிறையச் சிரித்தாள். நான் அந்தப் பல்லைத்தான் பார்த்தேன். கொஞ்சம் மங்கலாக, அசையாமல், அதன் இடத்தில் உட்கார்ந்திருந்தது. இப்போதும் அந்த வீட்டு வாசலில் நான் போய் நின்றால் முதலில் கேட்பது கொக்கி மாட்டுகிற சத்தம். அதற்குப் பிறகுதான் 'வாங்க நங்கையா'.